துபாய் பக்கமா, சிங்கப்பூர் பக்கமா? விமானத் தூரமும் பயண நேரமும்

திருச்சி விமான நிலையத்திலிருந்து போகும் இரண்டு டிக்கெட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று சிங்கப்பூருக்கு: இரவு 11.30க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.15க்கு இறங்குகிறது. இன்னொன்று துபாய்க்கு: விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி 7.45க்கு இறங்குகிறது. கணக்குக்காக வைத்துக்கொண்ட நேரங்கள்தான் இவை. ஆனால் நிஜ டிக்கெட்டும் இதை ஒட்டித்தான் இருக்கும். கழித்துப் பார்த்தால் சிங்கப்பூருக்கு ஆறே முக்கால் மணி நேரம், துபாய்க்கு இரண்டே முக்கால். அப்படியென்றால் துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரம் என்றுதானே தோன்றும்?

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி மாதிரி சபுர் போனவர்கள், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள், நிறைந்த ஊர்களில்கூட இப்படிச் சொல்பவர்கள் உண்டு. அளந்து பார்த்தால் கதை வேறு. திருச்சியிலிருந்து துபாய் சுமார் 2,940 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற தூரம்தான் இரண்டுக்கும் வித்தியாசம். ஒன்று வடமேற்கே, மற்றது தென்கிழக்கே. கிட்டத்தட்ட நட்டநடுவில் நம் காவிரி டெல்டா. விமானப் பயண நேரமும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

பிறகு டிக்கெட் ஏன் வேறு மாதிரி சொல்கிறது? டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். ஆகவே இரண்டு நேரத்தையும் முதலில் இந்திய நேரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சிங்கப்பூரில் காலை 6.15 என்றால் இங்கே அதிகாலை 3.45. இரவு 11.30லிருந்து 3.45 வரை நாலேகால் மணி நேரம். துபாயில் 7.45 என்றால் இங்கே 9.15. ஐந்திலிருந்து ஒன்பதேகால் வரை அதே நாலேகால்.

கடிகாரம் என்பது அந்தந்த நாட்டு அரசு வைத்துக்கொள்வதுதான், சூரியன் வைப்பதல்ல. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கம் போகிறது. நாம் 79 பாகையில் இருக்கிறோம். சிங்கப்பூரோ 104 பாகையில் இருந்துகொண்டு, 1982 முதல் 120 பாகைக்கு உரிய நேரத்தை வைத்திருக்கிறது. அதனால்தான் அங்கே காலை ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கிறது. அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போய் வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றும். மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை சான் பிரான்சிஸ்கோ நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் பதின்மூன்றரை. பையனுக்கு போன் போடுகிற அம்மாக்களுக்கு இது மனப்பாடம். டிக்கெட் பார்க்கும்போதுதான் மறந்துவிடும்.

கடிகாரத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தூரத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் இந்த விஷயத்தில் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஒரு வட்டத்துக்கு 360 பாகை. வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் நிறைய விஷயம் பிடிபடும். திருச்சி ஏறக்குறைய 10.8 பாகை வடக்கே இருக்கிறது. அப்படியானால் பூமத்தியரேகை இங்கிருந்து நேர் தெற்கே சுமார் 1,200 கிலோமீட்டர். அதே பாகையை அறுபதாக வகுத்தால் வருவதுதான் விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல்: 1.852 கிலோமீட்டர்.

ஒரு பாகை எத்தனை நீளம் என்பதைச் சரியாக அளந்து பார்ப்பதற்காக ஒரு காலத்தில் நம் ஊர்ப் பெரிய கோயில்மேலேயே கருவியை ஏற்றியிருக்கிறார்கள். வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஒரு அடிக்கோட்டை, அதாவது முதல் முக்கோணத்தின் ஒரு பக்கத்தை, அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்துகொண்டே தெற்கே வந்தார். முக்கோணத்தின் மூலைகள் உயரமான இடத்தில் இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து மற்றது தெரிய வேண்டும். மேட்டு நாட்டில் குன்றுகள் இருந்தன. டெல்டாவில் ஏது குன்று? கண்ணுக்கு எட்டியவரை வயல், அதற்கு மேலே தென்னை. இருக்கிற உயரமெல்லாம் கோபுரங்கள்தான். 1808இல் தஞ்சாவூர்க் கோயிலில் கோணம் அளக்கும் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே இழுத்தபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிவிட்டது. அரை டன் எடையுள்ள, லண்டனில் செய்து கப்பலில் வந்த கருவி. அதன் வட்டத்தகடு நெளிந்துபோயிற்று. வேறு ஆளாக இருந்தால் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டி நிமிர்த்தி, மறுபடியும் அளக்கக் கிளம்பிவிட்டார். இன்றைக்கு போனில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் நொடியில் தூரம் வருகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு நிறைய இருக்கிறது.

சரி, இரண்டு ஊருக்கு இடையே உள்ள தூரம் என்பது எது? உருண்டையான தரைமேல் நேர்க்கோடு போட முடியாது; போட்டால் அது மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும். தரையை ஒட்டியபடியே மிகக் குறுகிய வழி எதுவோ அதைத்தான் தூரம் என்கிறார்கள். பள்ளிக்கூடத்து உலக உருண்டை ஒன்று கிடைத்தால் செய்து பாருங்கள். நூலின் ஒரு முனையைத் திருச்சிமேல் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோமேல் வைத்து, நூல் தொய்யாமல் இறுக்கி இழுங்கள். நூல் தானாகவே ஒரு இடத்தில் போய் உட்காரும். அதுதான் குறுகிய வழி. அந்த நூலை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் உருண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டம் ஒன்று வரும். அதற்குப் பெருவட்டம் என்று பெயர்.

நூல் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்கள், சான் பிரான்சிஸ்கோவுக்கு ஜப்பானைத் தாண்டிப் பசிபிக் கடல்மேல் நேராகக் கிழக்கே போக வேண்டும் என்று நினைப்பார்கள். நூல் அப்படிப் போகாது. திருச்சியிலிருந்து வடக்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து ஏறும். நேபாளத்தில் எவரெஸ்ட் வட்டாரத்தைத் தாண்டி, திபெத், மங்கோலியா, சைபீரியா என்று போய், ஆர்க்டிக் கடலோரம் 69 பாகை வரை உச்சிக்குப் போய்விட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். மொத்தம் சுமார் 14,200 கிலோமீட்டர்.

தட்டையான வரைபடம் ஏன் நம்மை ஏமாற்றுகிறது? தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய் ஒன்றாகக் கூடுகின்றன. நம் டெல்டாவில் கிழக்கு மேற்காக ஒரு பாகை என்பது 109 கிலோமீட்டர். லண்டன் இருக்கும் இடத்தில் அதே ஒரு பாகை 69 கிலோமீட்டர்தான். துருவத்தில் ஒன்றுமேயில்லை. வரைபடம் போடுகிறவர் இதையெல்லாம் ஒரே அகலத்துக்கு இழுத்து நீட்டிவிடுகிறார். அதனால்தான் பரப்பில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப்போல 14 மடங்கு இருந்தும், அந்தப் படத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாகத் தெரிகின்றன. வடக்கே போனால் சுற்று என்று படம் சொல்லும். உருண்டையில் அதுதான் குறுக்குவழி.

2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் ஜோயா அகர்வால் தலைமையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்துக்கு மேலாக நிற்காமல் பறந்து வந்தார்கள். துருவம் வழியாகச் சுற்றி வந்தார்களா என்று கேட்கத் தோன்றும். பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் குறுகிய தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். துருவத்தைத் தொட்டுவிட்டு வந்தாலும் 400 கிலோமீட்டர்கூடக் கூடாது. அவர்கள் ஜனவரி 9 இரவு கிளம்பி 11ஆம் தேதி அதிகாலை இறங்கினார்கள். பறந்தது என்னவோ 17 மணி நேரத்தை ஒட்டித்தான். நடுவில் 10ஆம் தேதி முழுசாகக் காணாமல் போனதற்குக் காரணம், முன்னே சொன்ன கடிகாரம்தான். டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1, +2 என்று சின்னதாகப் போட்டிருப்பது இதற்காகவே. அதைக் கவனிக்காமல் ஒரு நாள் முன்னதாகவே காரை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போய் நிற்கிற மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

இணையத்தில் தூரம் காட்டும் பக்கங்கள் இந்த நூல் கணக்கைத்தான் சூத்திரமாகப் போடுகின்றன. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் போதும். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்து ஹேவர்சைன் என்ற சூத்திரத்தில் போட்டால் விடை வரும். பிளஸ் டூ கணக்குப் படித்த பிள்ளைகள் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். பூமி முழு உருண்டை இல்லை, நடுவில் சற்றுப் பருத்தது. பூமத்தியரேகையில் ஆரம் துருவத்தில் இருப்பதைவிட 21 கிலோமீட்டர் அதிகம். அதையும் சேர்த்துக் கணக்கிடும் பக்கங்கள் வேறு எண் காட்டும். நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் வித்தியாசம் வராது. எனவே ஒரு பக்கத்தில் 2,978, இன்னொன்றில் 2,984 என்று பார்த்து எது சரி என்று குழம்ப வேண்டியதில்லை.

இப்படிக் கிடைக்கும் தூரம் மிகக் குறைந்தபட்சத் தூரம். விமானம் அதைவிடக் குறைவாகப் பறக்க முடியாது, கூடுதலாகத்தான் பறக்கும். கொள்ளிடக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எதிர்க்கரை ஊரின் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியும். பேருந்தில் போக வேண்டுமானால் அணைக்கரைப் பாலத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வானத்தில் ஆறு இல்லை, ஆனால் பாலங்கள் மாதிரி கடந்தே ஆக வேண்டிய புள்ளிகள் இருக்கின்றன. வான்வழிகள் பெரும்பாலும் ஐந்தெழுத்துப் பெயர் வைத்த புள்ளிகளைக் கோத்தே போடப்பட்டிருக்கின்றன. விமானப்படைக்கு ஒதுக்கிய பகுதிகளுக்குள் போக முடியாது. சில நாடுகளின் வானம் மூடிக்கிடக்கும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதால், ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போக ஒன்பதரை மணி நேரம் ஆனது பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. ஊர்கள் இரண்டும் நகரவில்லை. நூல் கணக்குத் தூரம் இன்றைக்கும் அதேதான்.

திபெத் பீடபூமியையும் விமானங்கள் கூடியவரை தவிர்க்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் பயணிகள் மூச்சுவிடக்கூடிய உயரத்துக்கு, அதாவது பத்தாயிரம் அடிக்கு, சீக்கிரம் இறங்கியாக வேண்டும். அங்கே தரையே பதினான்காயிரம் அடிக்கு மேலே இருக்கிறது, எங்கே இறங்குவது? நம் நூல் எவரெஸ்ட் பக்கம் போனாலும் விமானம் போகாததற்கு இது ஒரு காரணம்.

பக்கத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் திருச்சியில் பாருங்கள். ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. விமானம் எதிர்காற்றில்தான் எழும்ப விரும்பும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று வீசும்போது சிங்கப்பூர் விமானம்கூட மேற்கே பார்த்து ஓடி எழும்பி, பிறகு வளைந்து கிழக்கே திரும்பும். போக வேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்புகிறதே என்று புதிதாகப் பார்ப்பவர் நினைப்பார். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் சின்னம் இருந்தால் மழை மேகங்களை ஒதுக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சுற்றும்.

இனி நேரம். பெரும்பாலான பயணிகள் விமானம் மேலே போய் நிலைபெற்றபின் மணிக்கு 830 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். திருச்சிக்கு வரும், உள்ளே நடுவில் ஒரே நடைபாதை உள்ள சிறிய விமானங்கள் இந்தக் கணக்கில் கீழ்ப்பக்கம். நெடுந்தூரம் போகும் பெரிய விமானங்கள் மேல்பக்கம். அதனால் தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை சேர்த்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக வரும். 2,980ஐ 850ஆல் வகுத்தால் மூன்றரை. முக்கால் சேர்த்தால் நாலேகால்.

அந்த முக்கால் மணி எதற்கு? விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதைக்குப் போய், எழும்பி, உயரம் ஏறுகிற வரை முழு வேகம் கிடையாது. இறங்கும்போதும் அப்படித்தான். டிக்கெட்டில் போட்டிருப்பது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எடுத்த நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்து மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் நேரம் வரை. சென்னை–திருச்சி விமானத் தூரம் 300 கிலோமீட்டருக்கும் குறைவு. கணக்குப்படி இருபது நிமிடம்தான் ஆக வேண்டும். டிக்கெட்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். 3,000 கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம், 300க்கு ஒரு மணி நேரம்! குறைந்த தூரத்தில் ஏறவும் இறங்கவுமே பொழுது போய்விடும். கும்பகோணத்துக்காரர் ஒருவர் சென்னைக்கு விமானத்தில் போகலாம் என்று திருச்சிக்குக் காரில் கிளம்பினால், அவர் ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கிற நேரத்துக்குள் ரயிலில் போனவர் விழுப்புரத்தைத் தாண்டியிருப்பார்.

விமானக் கம்பெனிகள் டிக்கெட் நேரத்தில் கொஞ்சம் தாராளமாகவும் போட்டுக்கொள்ளும். பத்து நிமிடம் முன்னதாக இறங்கிவிட்டோம் என்று விமானி அறிவித்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பத்து நிமிடத்தை அவர்களே முன்கூட்டிச் சேர்த்து வைத்ததுதான் என்பது என் சந்தேகம்.

நேரத்தைப் பெரிதாக மாற்றுவது காற்று. விமானத்தின் 850 கிலோமீட்டர் வேகம் என்பது சுற்றியிருக்கும் காற்றை ஒட்டிய வேகம். அந்தக் காற்றே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், அதே திசையில் போகும் விமானம் தரையைப் பொறுத்தவரை 950இல் போகும். எதிரே வந்தால் 750. பூமியின் நடு அட்சங்களில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் பலமான காற்றோட்டங்கள் உண்டு. 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக் மேலே அப்படியொரு பலமான காற்று. நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. சாதாரணமாக ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். சான் பிரான்சிஸ்கோவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கிழக்கே போகும் பயணத்தைவிட மேற்கே வரும் பயணம் ஒன்றரை, இரண்டு மணி நேரம் அதிகம் பிடிப்பதும் இதனால்தான்.

போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், மொத்தத்தில் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. 3,000 கிலோமீட்டர் போய்வரக் காற்றே இல்லாவிட்டால் 7 மணி 4 நிமிடம். போகும்போது 100 கிலோமீட்டர் பின்காற்று, வரும்போது அதே எதிர்காற்று என்றால் 7 மணி 10 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது, பின்காற்றில் சீக்கிரம் கடந்துவிடுகிறது. நஷ்டம் எப்போதும் லாபத்தைவிட ஒரு பிடி அதிகம்.

நம் பகுதிக்கே உரிய காற்று ஒன்றும் இருக்கிறது. குறுவை நட்டு முடிந்த ஆடி மாதத்தில் அம்மியும் பறக்கும் காற்று மேற்கிலிருந்து வரும், தெரியும். அதே சமயம் தலைக்கு மேலே பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கிழக்கு வேகக்காற்றை 1950களில் கண்டறிந்து விளக்கியவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேலே இருக்கும். பதினைந்து கிலோமீட்டர் உயரத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடும். ஆக ஆடியில் துபாய்க்குப் போகும் விமானம் தரையில் எதிர்காற்றில் எழும்பி, மேலே போனதும் பின்காற்றில் ஓடும். மார்கழி, தை மாதங்களில் நிலைமை வேறு. வளைகுடாவுக்கும் வட இந்தியாவுக்கும் மேலே மேற்கத்திக் காற்று பலமாக இருப்பதால், துபாய் நெருங்க நெருங்க எதிர்காற்று. திரும்பி வரும்போது அதுவே தள்ளிவிடும். ஒரே ஊருக்கு ஒரே விமானம் மாதத்துக்கு ஒரு நேரம் ஆவது இப்படித்தான்.

பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போனால் சீக்கிரம் போகலாமே என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்விதான். தஞ்சாவூரில் சும்மா நிற்கிற நாமே மணிக்கு சுமார் 1,640 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறோம். நம்மோடு காற்றும் போகிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் போகிறது. எழும்பிய பிறகு அந்த வேகம் விமானத்தை விட்டுப் போய்விடாது. துபாய் வந்து தன்மேல் மோதட்டும் என்று வானத்தில் காத்திருக்க வழியில்லை.

கடைசியாக, டெல்டாக்காரர்களின் பயண நேரத்தை உண்மையில் தீர்மானிப்பது: எந்த ஊரில் மாறுகிறோம் என்பது. திருச்சியிலிருந்து அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ நேரடி விமானம் இல்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் மாறித்தான் ஆக வேண்டும். அந்த இடம் நூலுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, விலகியிருந்தால் தூரம் ஏறும். நியூயார்க்கைப் பாருங்கள். திருச்சியிலிருந்து குறுகிய தூரம் சுமார் 13,640 கிலோமீட்டர். துபாயில் மாறினால் 2,940உம் 11,020உம் சேர்ந்து 13,960. முந்நூறு கிலோமீட்டர்தான் கூடுதல், விமானத்துக்கு அது இருபது நிமிடச் சமாசாரம். சிங்கப்பூரில் மாறினால் 18,330 ஆகிவிடும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வீண்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. துபாய் வழியாக 15,980, சிங்கப்பூர் வழியாக 16,570. இரண்டுக்கும் அறுநூறு கிலோமீட்டர்தான் வித்தியாசம். கிழக்கே போகும் வழியில் பசிபிக் மேல் பின்காற்று வேறு கிடைக்கும். அதனால் அந்தப் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள் தூரத்தைப் பார்க்காமல், மாறும் இடத்தில் எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும், டிக்கெட் விலை என்ன, அப்பாவுக்கு முழங்கால் வலி தாங்குமா என்று பார்த்து முடிவு செய்யலாம். எந்தத் திசையில் போனாலும் ஒன்றுதான் என்கிற அளவுக்கு அந்த ஊர் நமக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. முழுக்க எதிர்ப்பக்கம் என்று பார்த்தால், திருச்சிக்கு நேர் கீழே பெரு நாட்டுக்கு மேற்கே வெறும் பசிபிக் கடல்தான். அங்கே 20,000 கிலோமீட்டர். அதற்கு மேல் தூரமான இடம் நமக்கு இந்தப் பூமியில் கிடையாது.

மன்னார்குடியிலிருந்து நியூயார்க் போகிறவருக்கு ஒரு முழுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டிலிருந்து திருச்சிக்குக் காரில் இரண்டரை மணி நேரம். ஏர்போர்ட்டில் மூன்று மணி நேரம். துபாய்க்கு நாலேகால். அங்கே காத்திருப்பு நாலு மணி நேரம் என்று வைப்போம். அப்புறம் பதினாலு மணி நேரப் பறப்பு. இறங்கியபின் இமிகிரேஷன், லக்கேஜ் என்று ஒன்றரை மணி நேரம். கூட்டினால் இருபத்தொன்பதேகால். இதில் விமானத்தில் உட்கார்ந்திருப்பது பதினெட்டேகால் மணி நேரம்தான். மீதிப் பதினொரு மணி நேரத்தில் காற்றுக்கோ பெருவட்டத்துக்கோ ஒரு வேலையும் இல்லை. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாள்கணக்கில் போன தலைமுறை இதைக் கேட்டால் சிரிக்கும் என்பது வேறு விஷயம்.

பதினொரு மணி நேரத்தில் நாம் குறைக்க முடிந்தது காத்திருப்பு ஒன்றுதான். அதையும் ரொம்பக் குறைக்கப் பார்க்கக் கூடாது. ஒன்றே கால் மணி நேரத்தில் அடுத்த விமானம் என்று டிக்கெட் மலிவாகக் கிடைத்தால், முதல் விமானத்துக்கு எதிர்காற்று அடிக்கும் மாதமா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது பொதுவாகக் கம்பெனியின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் நம் பாடுதான்.

அழைத்துவரப் போகிறவர்களுக்கு: டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம். விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலிகள் போனில் இலவசமாகவே கிடைக்கின்றன. அது மேலே ஏறி ஒரு மணி நேரம் ஆனபின் காட்டுகிற இறங்கும் நேரத்தில், அன்றைய காற்றும் போகிற வழியும் ஓரளவு சேர்ந்திருக்கும். அதோடு இமிகிரேஷனுக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம் கூட்டி, அதிலிருந்து உங்கள் ஊர்ச் சாலை நேரத்தைக் கழித்துவிட்டுக் காரை எடுத்தால் போதும். வேதாரண்யத்துக்காரர்கள் மட்டும் விமானம் அங்கே கிளம்புவதற்கு முன்பே இங்கே கிளம்பும்படி ஆகலாம். கொழும்பிலிருந்து வருகிறவரை அழைக்கப் போனால் நிச்சயம் அப்படித்தான்.